மண்டபச் சாவியைக் கேட்டு நம் குருசேகரக் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளின்) கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆயர் ஐயாவுக்கும் கமிட்டிப் பெரியவர்களுக்கும், கிறிஸ்துவுக்குள் ஸ்தோத்திரம்.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கமிட்டிக்கு வருகிற கடிதம் எதுவும் முதல் பாராவைத் தாண்டி வாசிக்கப்படுவதில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரை கோயில் மண்டபத்தின் சாவியும், பின்னால் இருக்கிற சமையல்கட்டின் சாவியும் எங்களுக்கு வேண்டும், வாடகை இல்லாமல். எங்களுக்கு என்றால் படிப்பை முடித்து வேலைக்குப் போகிற, வேலை தேடிக்கொண்டிருக்கிற, கல்யாணம் ஆன, ஆகாத, ஆகுமா என்று தெரியாத, இருபதிலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கிற எல்லாருக்கும். பேனர் வேண்டாம், சிறப்புச் செய்தியாளர் வேண்டாம், மைக் செட் வேண்டாம், பட்ஜெட்டில் எங்கள் பெயரில் ஒரு வரிகூட வேண்டாம். கரண்ட் பில்லில் எங்கள் பங்கைக் கொடுத்துவிடுகிறோம்.

அவ்வளவுதான் கோரிக்கை. காரணம் வேண்டும் என்கிறவர்கள் மேற்கொண்டு வாசிக்கலாம்.

ஒவ்வொரு வருஷமும் பொதுக்கூட்டத்தில் யாராவது ஒரு பெரியவர் எழுந்து "வாலிபர்கள் கோயிலுக்கு வருவதில்லை" என்று வருத்தப்படுகிறார். உடனே ஒரு தீர்மானம் போடுகிறோம், வாலிபர் முகாம் நடத்துவது என்று. முகாமுக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வருகிறார், கையெல்லாம் ஆட்டி நன்றாகத்தான் பேசுகிறார், நாங்கள் டீ ஷர்ட் போட்டுக்கொண்டு குரூப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம், அவர் தஞ்சாவூரில் ரயில் ஏறுகிறார், மறுநாள் எல்லாரும் பழையபடி அவரவர் வீட்டில். முகாமில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என்ன வேலை, வீட்டில் என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியாது, என்னைப் பற்றி அவளுக்கும் தெரியாது. ஆனால் இரண்டு பேருக்கும் அந்தச் செய்தியாளரின் சாட்சி முழுக்க மனப்பாடம்.

எங்கள் விசுவாசத்தை நாங்களே அறிக்கையிடுகிற திடப்படுத்தல் ஆராதனை வரைக்கும் சபைக்கு எங்கள் மேல் ஒரு கவனம் இருந்தது, அதை மறுக்க முடியாது. ஓய்வுநாள் பள்ளி, வசனப் போட்டி, விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, அப்புறம் திடப்படுத்தல் வகுப்பு. பேராயர் தலையில் கை வைத்து ஜெபித்த நாளுக்குப் பிறகு சபை எங்களிடம் கேட்டதெல்லாம் கையையும் காலையும்தான். நாற்காலி அடுக்க, கேரல் ரவுண்ட்ஸில் வேன் பின்னால் ஓட, அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குப் பூசணிக்காய் தூக்க, அசனம் என்கிற சபை விருந்தில் பரிமாற, இப்போது புதிதாக ஆராதனையை யூடியூபில் ஒளிபரப்ப. வருஷத்தில் ஒரு ஞாயிறு வாலிபர் ஞாயிறு என்று பாடம் வாசிக்க விடுகிறீர்கள், அதையும் கமிட்டியில் பார்த்து யார் வாசிப்பது என்று முடிவுசெய்த பிறகு. எங்கள் சந்தாகூட அப்பா பெயரில் இருக்கிற குடும்ப அட்டையில்தான் வரவாகிறது. நான் லேபில் வேலை பார்த்து வாங்கும் சம்பளத்திலிருந்து கொடுத்தாலும் ரசீதில் நான் இன்னாரின் மகள்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. (சரி, கொஞ்சம் குறைதான்.)

வேறு சபைக்குப் போனவர்களைப் பற்றியும் பேச வேண்டும். நம் கோயிலில் வளர்ந்த பிள்ளைகளில் சிலர் பைபாஸ் பக்கம் தகரக் கொட்டகையில் நடக்கிற சுயாதீன சபைக்குப் போகிறார்கள் என்றதும், "அங்கே டிரம்ஸ் அடிக்கிறாங்க, அதான்" என்று சொல்லி முடித்துவிட்டீர்கள். போனவர்களில் ஒருவனிடம் கேட்டுப் பாருங்கள். அவன் அப்பா மூளையில் ரத்தக்கசிவு வந்து தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ராத்திரி வார்டுக்கு வெளியே அவனோடு தரையில் துண்டு விரித்துப் படுத்திருந்தவர்கள் அந்தக் கொட்டகைப் பையன்கள். நம் சபையிலிருந்து ஞாயிறு ஆராதனையில் விசேஷித்த விண்ணப்பத்தில் பெயர் வாசித்தார்கள். வாசித்தது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிரம்ஸுக்காக யாரும் போகவில்லை ஐயா.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் நம் சபை செய்து காட்டியிருக்கிறது. கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 விடிகாலை. வேதாரண்யம் பக்கம் ஏறி, நம் பகுதியையும் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளையும் சாய்த்துவிட்டுப் போனது. கரண்ட் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் வரவில்லை. அப்போதிருந்த ஆயர் யாரையும் கேட்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்டார். கமிட்டி கூடித் தீர்மானம் போட நேரமில்லாததுதான் அன்றைக்கு நடந்த பெரிய நன்மை என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். காலேஜ் பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்கள், லீவு போட்டுத் திருப்பூரிலிருந்து ஓடி வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான். ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் தார்ப்பாயும் மெழுகுவத்தியும் பிரித்துக் கட்டுகிற வேலை. கிராமச் சபைகளிலிருந்து வந்த பையன்களும் டவுன் பிள்ளைகளும் ஒரே அண்டாவைப் பிடித்துத் தூக்கினோம். ராத்திரி வேலை முடிந்ததும் மீதி இருக்கிற சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே பேச ஆரம்பிப்போம். ஒருத்தன், அவன் அப்பாவின் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை, "கர்த்தர் நல்லவர்னு நாளைக்கு எப்படிப் பாடுறது" என்று நேராகவே கேட்டான். யாரும் அவனைத் திருத்தவில்லை. வசனம் எடுத்து அடிக்கவில்லை. ஒரு அக்கா மட்டும், அதே தெருவில் வீட்டுக் கூரையை இழந்தவர், "பாடாட்டிப் பரவால்ல, நாங்க பாடுறோம், நீ உக்காரு" என்றார். நான் கேட்ட பிரசங்கங்களில் பாதி மறந்துவிட்டது. அந்த வாக்கியம் மறக்கவில்லை.

கரண்ட் வந்தது. மண்டபத்தைக் கழுவிவிட்டோம், நாற்காலிகளை அடுக்கினோம், பூட்டுப் போட்டாயிற்று. அதற்குப் பிறகு அந்த மண்டபத்துக்குள் நாங்கள் போவது கல்யாண ரிசப்ஷனுக்குத்தான்.

அந்த நாட்களில் நடந்தது புதிதல்ல, நம் சபையின் வேரே அதுதான் என்பதை நினைவுபடுத்த விரும்புகிறேன். நாகப்பட்டினத்திலும் மன்னார்குடியிலும் வேலை செய்தது, வெஸ்லி சகோதரர்கள் தொடங்கிய மெதடிஸ்ட் இயக்கத்தின் வெஸ்லியன் மிஷன். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்த வழியாகத்தான் நாம் உள்ளே வந்தோம். அந்த வெஸ்லி சகோதரர்கள் எங்கே ஆரம்பித்தார்கள்? 1729இல், ஆக்ஸ்ஃபோர்டில், சில மாணவர்கள் ஒன்றாக உட்கார்ந்து வேதம் வாசித்து, ஜெபித்து, அப்புறம் சிறைக்கைதிகளைப் போய்ப் பார்த்து வந்ததில். சார்லஸ் வெஸ்லிக்கு அப்போது 21 வயது. கூடப் படித்தவர்கள் கேலியாக வைத்த பட்டப்பெயர்தான் மெதடிஸ்ட். அது வாலிபர் சங்கம்தானே? யாரும் தீர்மானம் போட்டு ஆரம்பித்துக் கொடுக்கவில்லை.

அடுத்தது இன்னும் சுவாரசியம், முக்கியமாகப் பொருளாளர் ஐயாவுக்கு. பிரிஸ்டல் நகரத்தில் அவர்கள் கட்டிய கூடத்துக்குக் கடன் இருந்தது. 1742இல் அதை எப்படி அடைப்பது என்று பேசியபோது கேப்டன் ஃபாய் என்பவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும் என்றார். ஏழைகளால் முடியாதே என்று ஒருவர் சொல்ல, ரொம்ப ஏழைகளாகப் பதினோரு பேரை என் கணக்கில் விடுங்கள், வாரா வாரம் நான் போய்க் கேட்கிறேன், அவர்கள் கொடுக்க முடியாததை நான் போட்டுவிடுகிறேன் என்றார். இப்படியே மற்றவர்களும் ஆளுக்குப் பதினோரு பேரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். காசு கேட்கப் போன இடத்தில்தான் தெரிந்தது எந்த வீட்டில் குடி, எந்த வீட்டில் சண்டை, யார் விசுவாசத்தில் தளர்ந்திருக்கிறார்கள் என்று. ஜான் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நாளில் வீடு வீடாகப் போவதை விட்டு, அந்தப் பன்னிரண்டு பேர் வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் கூடுவது என்று ஆக்கினார். கூடினால் ஒரே கேள்வி, உன் ஆத்துமா எப்படி இருக்கிறது? மெதடிஸ்ட் இயக்கம் பரவியது மைதானப் பிரசங்கத்தால் என்று நினைக்கிறோம். மேட்டூரைத் திறந்துவிட்டால் மட்டும் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடுமா, வாய்க்கால் இருக்க வேண்டாமா? பிரசங்கத்தைக் கேட்டவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தப் பன்னிரண்டு பன்னிரண்டு பேர் வகுப்புகள்தான்.

நம்மிடமும் சந்தா வசூல் இருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள், ரசீது கிழிக்கிறார்கள், வாசலோடு போய்விடுகிறார்கள். சந்தா நம்மிடம் தங்கிவிட்டது, வகுப்பு எங்கேயோ தொலைந்துபோனது.

வயது போதாது என்கிற எண்ணம் இருந்தால் தரங்கம்பாடிவரை ஒரு நடை போய் வரலாம். 1706 ஜூலை 9 அன்று ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அந்தக் கடற்கரையில் இறங்கியபோது அவருக்கு 24 வயது நிறையவில்லை. புதிய ஏற்பாடு முழுசாகத் தமிழில் அச்சேறிய 1715இல் முப்பதுகளின் தொடக்கம். ஜூலை மாதம் வந்தால் அவரைப் பற்றி நாமும்தான் பெருமையாகப் பேசுகிறோம். அவர் நம் சபையில் இருந்திருந்தால் டிசம்பரில் ஸ்டார் கட்ட ஏணி பிடித்திருப்பார்.

சரி, இனிமேல் நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத இரண்டு பயங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, பையன்களும் பெண்களும் சாயங்கால நேரத்தில் ஒரே மண்டபத்தில். இதற்கு நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆமாம், சேர்ந்து பழகினால் ஒருத்தருக்கொருத்தர் பிடிக்கவும் செய்யலாம். முப்பது வயதில் வரன் அமையவில்லை என்று கோயில் வாசலிலேயே எங்களை நிறுத்தி வைத்து விசாரிக்கிற அதே பெரியம்மாமார்கள், சொந்தச் சபையில் நாலு பேரைத் தெரிந்துகொள்ள ஒரு இடமும் கிடையாது என்பதை யோசிப்பதே இல்லை. பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானது, அதற்கு ஏற்பாடு செய்கிறோம். பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் கிடையாது. பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இரண்டு பேர் முறை வைத்து வரட்டும், காவலுக்கு அல்ல, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட. யாருக்காவது சங்கடமாக ஏதாவது நடந்தால் சொல்வதற்கு அவர்களில் ஒருவர் இருப்பார், அதை மூடி மறைக்கக்கூடாது என்று நீங்களும் வாக்குக் கொடுக்க வேண்டும். எட்டு மணிக்கு முடிப்பது கடைசி டவுன் பஸ்ஸுக்காக.

இரண்டாவது பயம் சாதி. நாம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. "டவுன் சபை", "கிராமச் சபை" என்று நாசூக்காகச் சொல்லிக்கொள்கிறோம், இரண்டும் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். திருவிருந்துக்கு ஒரே பீடத்தில் முழங்கால் போடுகிறோம், அதற்கப்புறம் வெளியே வந்து தனித்தனி மரத்தடியில் நிற்கிறோம். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை அடியோடு விட வேண்டும் என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூர்ச் சபையில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. நாம் உருகி உருகிப் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்த வேதநாயக சாஸ்திரியாரே எதிர்த்தவர்கள் பக்கம்தான் நின்றார். அவர் பாட்டைப் பாடுவதை நிறுத்தச் சொல்லவில்லை, எனக்கும் பிடித்த பாட்டுகள்தான். ஆனால் இருநூறு வருஷம் ஆகப் போகிறது. சுற்றறிக்கையால் ஆகாத காரியம் கஜா சமயத்தில் அண்டா தூக்கியபோது கொஞ்சம் ஆனது, அதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த மண்டபம் பூட்டியே இருப்பதற்கு வாடகை வருமானம் ஒரு காரணம், இது இன்னொரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம். இல்லை என்றால் சாவியைக் கொடுத்து என் வாயை அடைத்துவிடுங்கள்.

சனிக்கிழமை என்ன செய்வோம் என்று கேட்பீர்கள். முதலில் சமைப்போம். தக்காளிச் சாதமோ உப்புமாவோ, யார் என்ன கொண்டு வருகிறார்களோ அது. காய் நறுக்கும்போது வருகிற பேச்சு வட்டமாக நாற்காலி போட்டு "உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்" என்றால் வராது. சாப்பிட்டுவிட்டு வேதத்தில் ஒரு பகுதியை வாசிப்போம், விளக்கம் கொடுப்பவர் என்று யாரும் இல்லை, புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல அனுமதி உண்டு. அப்புறம் ஒருவர் அந்த வாரம் எப்படிப் போனது என்று சொல்வார். கல்விக்கடன் தவணை, வெளிநாட்டு ஏஜென்டிடம் கட்டி ஏமாந்த பணம், குடிக்கிற அண்ணன், வேற்று மதத்தில் விரும்புகிற பெண், ஜெபிக்கவே பிடிக்கவில்லை என்கிற நிலை, எது வேண்டுமானாலும். ஜெபித்து முடிப்போம், பாத்திரம் கழுவுவோம், கிளம்புவோம். கூட்டம் பதினைந்து பேரைத் தாண்டினால் இரண்டாகப் பிரித்துவிடுவோம். எண்ணிக்கை அறிக்கை கேட்காதீர்கள், தயவுசெய்து.

தை, மாசியில் சிலரால் வர முடியாது. சம்பா அறுவடை முடித்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, டோக்கன் வரும்வரை பனியில் காவல் கிடப்பார்கள். அந்த வாரங்களில் மண்டபத்துக்கு வர அவர்களைக் கட்டாயப்படுத்துவதைவிட, நாங்கள் டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு நெல் குவியலுக்குப் போய்விடுவதாகத் திட்டம்.

ஆயர் ஐயா வர வேண்டும், நிச்சயமாக. ஆனால் அங்கி இல்லாமல், பிரசங்கக் குறிப்பு இல்லாமல். பவுல் துரோவாவில் நடுராத்திரிவரை பேசிக்கொண்டே போனபோது ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்கிற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தானே, அந்தச் சம்பவத்தை வைத்து "பிரசங்கத்தில் தூங்காதே" என்று எங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறீர்கள். பவுல் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொண்டார், அப்புறம் மேலே வந்து எல்லாரும் அப்பம் பிட்டுச் சாப்பிட்டு விடியும்வரை பேசினார்கள் என்கிற பாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊரைவிட்டுப் போகிறவர்களையும் ஊருக்குள் வருகிறவர்களையும் பற்றி ஒன்று. நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்க்கொண்டேதான் இருப்பார்கள், டெல்டாவில் அது மாறப்போவதில்லை. 1844இல் லண்டனில் வாலிபர் சங்கத்தை, அதாவது இன்றைய ஒய்எம்சிஏவை, ஆரம்பித்த ஜார்ஜ் வில்லியம்ஸ் கிராமத்திலிருந்து வந்து ஜவுளிக்கடையில் வேலை பார்த்த 22 வயதுக்காரர். கடை மாடியிலேயே தங்கி வேலை செய்த பையன்களுக்கு நகரத்தில் போக்கிடம் இல்லை என்றுதான் அது தொடங்கியது. நம் சபையோ போகிறவனுக்கு ஒரு ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டு, கிறிஸ்துமஸுக்கு வந்தால் ஸ்தோத்திரக் காணிக்கை கவர் நீட்டுகிறது. போகிற ஊரில் யாரைப் பார்க்க வேண்டும், எந்தச் சபையில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு போன் நம்பராவது கையில் கொடுத்து அனுப்புவது இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தின் வேலையாக இருக்கட்டும். அதேபோல நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகத்தில் படிக்கக் கேரளத்திலிருந்து வருகிற பிள்ளைகள், நாகர்கோவில் பக்கமிருந்து பேங்குக்கும் பள்ளிக்கும் மாற்றலாகி வருகிறவர்கள், இவர்களில் யாராவது ஞாயிறன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போனால், அடுத்த வாரம் அவர்களைத் தேட நம்மிடம் ஆள் இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் திருவாரூர் – நாகை சாலையில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். நாம் அந்த வழக்கத்தில் இல்லை, அதன் உபதேசத்தைப் பற்றி இங்கே வழக்காட வேண்டாம். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் கால் கொப்புளத்தோடு ஒருத்தர் பையை ஒருத்தர் தூக்கிக்கொண்டு போகிறார்களே, அதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது, அதை மட்டும் சொல்லிவிட்டேன்.

கேட்பது மூன்று மாதச் சோதனைக்குத்தான். சாவிக்கு ஒரு நோட்டுப் போட்டு, எடுத்தவர் பெயரும் திருப்பிக் கொடுத்த நேரமும் எழுதிவைக்கிறோம். முகூர்த்தச் சனிக்கிழமைகளில் மண்டபம் வாடகைக்குப் போயிருந்தால் ஓய்வுநாள் பள்ளிக் கூரைக்கடியில் உட்கார்ந்துகொள்கிறோம், அதற்குச் சண்டை கிடையாது. மண்டபத்துக் கேஸ் அடுப்பில் ஒரு பர்னர் எரியவில்லை, அதை நாங்களே சரிசெய்துவிடுகிறோம்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை வாசிக்கும்போது எங்களில் இரண்டு பேர் உள்ளே வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல அனுமதி வேண்டும், அதில் ஒருவர் கிராமச் சபையிலிருந்து வருவார். முடியாது என்பது பதிலாக இருந்தால் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள், நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். கூட்டம் வெள்ளிக்கிழமை என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், அன்றைக்கு எனக்கு லேபில் ராத்திரி டூட்டி, மாற்றிக்கொள்ள ஆள் பார்க்க வேண்டும்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சபையின் ஒரு மகள்